லைட்டருக்கு அலறிய சென்சார்

எல்பிஜி சிலிண்டர்களை வரிசையாக இணைத்திருக்கும் அறைக்கு ஆறு எரிவாயு சென்சார்கள் பொருத்த ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்தினோம். காலை 11.10க்கு மின்சாரம் கொடுத்தார்கள். 11.25க்கு ஆறுக்கும் காலிப்ரேஷன் (அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) முடிந்துவிட்டது என்றார்கள். வந்திருந்த டெக்னீஷியன் சட்டைப் பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்து, பற்றவைக்காமல், கதவோரச் சென்சாரின் முகத்தில் வாயுவைப் பிடித்தார். சைரன் அலறியது. "கச்சிதமாக வேலை செய்கிறது சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இவை கேட்டலிட்டிக் வகை. உள்ளே பாசிமணி போன்ற ஒரு சிறு மணி சூடாகவே இருக்கும். வாயு அதன்மேல் எரியும்போது கூடும் வெப்பத்தைத்தான் கருவி அளக்கிறது. மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் திரையில் எண் வந்துவிடும். அந்த எண் ஓரிடத்தில் நிற்க நேரம் பிடிக்கும். 24 மணி நேரம் சூடாக விட்டு, பிறகுதான் ஜீரோ வைக்க வேண்டும், அதாவது சுத்தமான காற்றுக்கு 0 என்று அமைக்க வேண்டும் என்று எங்கள் கருவியின் கையேட்டிலேயே இருக்கிறது. கால் மணி நேரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள், சென்சார்களின் அளவைக் காட்டும் பேனலில் ஆறும் 0 காட்டின. மனம் ஒப்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சுத்தமான காற்றில் சென்சாரிலிருந்து 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வரவேண்டிய இடத்தில், ஒன்றில் 3.2. கணக்குப் போட்டால் வெடிப்பின் கீழ்வரம்பில் (காற்றில் வாயு பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அளவில்) மைனஸ் 5 சதவீதம். சிறிய மைனஸை எங்கள் பேனல் 0 என்றே காட்டி மறைத்துவிடுகிறது. 20 சதவீதத்தில் அடிக்க வேண்டிய அலாரம் 25இல்தான் அடிக்கும்.

அதன்பிறகு, கீழ்வரம்பில் 50 சதவீத அளவுள்ள சோதனை வாயுவை வரவழைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்று சென்சார்கள் 30ஐத் தாண்டவில்லை. ஒன்று அசையவே இல்லை. அதன் கழுத்தைச் சுற்றித் தண்ணீர் புகாமலிருக்க சிலிக்கோன் பசையை அப்பியிருந்தார்கள். வினிகர் வாடைகூட இன்னும் போகவில்லை. சிலிக்கோன் ஆவி இந்த வகைச் சென்சாருக்கு விஷம். செத்த சென்சாரும் 0தான் காட்டும், சுத்தமான காற்றும் 0தான் காட்டும்.

(இரண்டைக் கூரைக்கடியில் மாட்டியிருந்தார்கள், கேபிள் தட்டு அங்கேதான் போகிறது என்பதற்காக. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம்தான் தேங்கும் என்பதை எரிவாயு வேலைக்கு வந்தவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.)

தொலைபேசியில் கேட்டதற்கு, "லைட்டருக்கு அலறியதே சார்" என்றார் ஒப்பந்தக்காரர். முகத்துக்கு நேரே வாயுவை அப்படியே பீய்ச்சினால் பாதி செத்த சென்சாரும் அலறும். அந்தப் பீய்ச்சலே மணியைக் கெடுக்கவும் கூடும்.

சான்றிதழை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஆறு சென்சாருக்கும் ஒரே நேரம், 11.25. சோதனை வாயு சிலிண்டரின் எண் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு. உங்களிடம் இப்படி ஒரு தாள் இருந்தால், பணம் கொடுக்கும் முன் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். பேனலின் பதிவில் மின்சாரம் கொடுத்த நேரத்தையும் பாருங்கள். எங்கள் மீதித் தொகை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.