240 வாட் போதுமா, 330 வாட் வேணுமா, காப்பி அடாப்டர் வாங்கலாமா? ஓவர்க்ளாக் பண்ண எம்17எக்ஸ் வச்சு ஒரு ஒப்பீடு

என்கிட்ட இருக்கறது 2012-ல வந்த ஏலியன்வேர் எம்17எக்ஸ் ஆர்4, டெல்லோட கேமிங் லேப்டாப். வாங்கும்போது உள்ள ஜிடிஎக்ஸ் 660எம் கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியூ) இருந்துச்சு, இப்ப அதே எம்எக்ஸ்எம் ஸ்லாட்ல (லேப்டாப்ல கழட்டி மாத்தற ஜிபியூவுக்கான இடம்) 980எம் உக்காந்திருக்கு, பிராசஸரையும் மாத்தி ஐ7-3920எக்ஸ்எம் போட்டு 4.2 கிகாஹெர்ட்ஸ்ல ஓட்டறேன், அதாவது கம்பெனி வச்ச வேகத்தவிட ஏத்தி, இதத்தான் ஓவர்க்ளாக்னு சொல்றது. இந்த மாதிரி கழட்டி மாத்த முடியறதாலதான் இத்தன வருஷம் இந்த மெஷின விடாம வச்சிருக்கேன். ஆனா உள்ள எல்லாத்தையும் மாத்திட்டு வெளில இருக்கற அடாப்டர மட்டும் அப்படியே விட்டா என்ன ஆகும்னு பட்டபிறகுதான் புரிஞ்சுது. ஸ்டாக்ல, அதாவது கம்பெனி வச்ச வேகத்துலயே ஓட்டுன வரைக்கும் கூட வந்த 240 வாட் அடாப்டர் ஒரு குறையும் வைக்கல. 980எம்-க்கு மாத்தின விபயாஸ் (ஜிபியூவ நடத்தற உள் சாஃப்ட்வேர்) ஏத்தி கிளாக்க தூக்குனதும் கேம் நடுவுல பொட்டுனு அணைய ஆரம்பிச்சுது. அடாப்டர் மேல தப்பே இல்ல, அதோட அளவுக்கு மேல நாமதான் இழுக்கறோம், அது தன்ன காப்பாத்திக்க கட் ஆகுது.

எந்த அடாப்டர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க மெஷின் எவ்வளவு இழுக்குதுனு அளந்து பாருங்க. சுவர் பிளக்ல மாட்டற வாட் மீட்டர் ஒண்ணு போதும். இதுல நிறைய பேர் ஒரு இடத்துல தப்பு பண்றாங்க: மீட்டர் காட்டறது சுவத்துலேந்து போற கரண்ட், அடாப்டர் மேல எழுதியிருக்கறது லேப்டாப்புக்குப் போற கரண்ட். நடுவுல சூடா போறது கழிஞ்சிரும். 88 சதவீதம் எஃபிஷியன்சினு வச்சுக்கிட்டா மீட்டர்ல 270 காட்டும்போது லேப்டாப்புக்குப் போறது 238 வாட்தான், அதாவது 240 அடாப்டர் இன்னும் எல்லைக்குள்ளதான் இருக்கு. மீட்டர்ல 270 பாத்ததும் ஐயோ தாண்டிருச்சுனு பயந்து புதுசு வாங்குனவங்க உண்டு, அவங்களுக்கு அது தேவையே இல்ல. என்னோடது ஸ்டாக்ல மீட்டர்ல 215 காட்டுச்சு, ஓவர்க்ளாக்ல 300, அதாவது உள்ள 264 வாட் போகுது. இதுல பேட்டரி சார்ஜும் சேந்தா இன்னும் ஏறும். அதனால பேட்டரி முழுசா ஏறினப்புறம் ஒரு தடவ, பாதி இருக்கும்போது ஒரு தடவனு ரெண்டு தடவ அளங்க.

சரி, முதல் வழி 240-லயே இருந்துக்கறது. இத யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டேங்கறாங்க, ஆனா செலவே இல்லாத வழி இதுதான். எக்ஸ்டியூங்கற இன்டெல் சாஃப்ட்வேர்ல பிராசஸர் வோல்டேஜ கொஞ்சம் இறக்கி, 4.2-க்கு பதிலா 3.9-ல நிறுத்தி, ஜிபியூ கிளாக்க ஸ்டாக்குக்கு பக்கத்துல வச்சா எனக்கு மீட்டர்ல 250-க்குள்ள வந்துருச்சு. கேம்ல ஃபிரேம் ரேட் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியல, பெஞ்ச்மார்க் போட்டாதான் தெரியுது. பெஞ்ச்மார்க் எண்ணுக்காக ஓட்டாதவங்க தாராளமா இங்கேயே நின்னுக்கலாம்.

ரெண்டாவது டெல் ஒரிஜினல் 330 வாட். 19.5 வோல்ட் 16.9 ஆம்பியர், 240-ஓடது அதே 19.5 வோல்ட் 12.3 ஆம்பியர். வோல்டேஜ் ஒண்ணுதான், பிளக்கும் அதே 7.4 மில்லிமீட்டர்தான், அதனால நேரா மாட்டிக்கலாம். பெரிய அடாப்டர் போட்டா அதிகமா கரண்ட் பாஞ்சு லேப்டாப் எரிஞ்சிருமோனு கேக்கறாங்க, அப்படி ஆகாது. வோல்டேஜ் சரியா இருந்தா எவ்வளவு ஆம்பியர் வேணும்னு இழுக்கறது லேப்டாப்தான், அடாப்டர் தானா தள்ளாது.

டெல் பிளக் நடுவுல ஊசி மாதிரி ஒரு பின் இருக்கு பாருங்க, அதுல கரண்ட் வர்றதில்ல. அடாப்டருக்குள்ள ஒரு குட்டி மெமரி சிப் இருக்கு, நான் இத்தன வாட்னு அது இந்த பின் வழியா லேப்டாப்புக்குச் சொல்லுது. அந்த தகவல் வரலைனா அடாப்டர் டைப் தெரியலைனு பூட் ஆகும்போதே மெசேஜ் வரும், பேட்டரி ஏறாது, பிராசஸர் வேகமும் அடிமட்டத்துக்கு இறங்கிரும். கேபிளுக்குள்ள அந்த பின்னுக்குப் போற ஒயர் ரொம்ப மெலிசு, கேபிள இறுக்கி சுத்தி சுத்தி வச்சா மொதல்ல அறுந்து போறது அதுதான். அதனால ஓவர்க்ளாக் பண்ண மெஷின் திடீர்னு மந்தமானா தெர்மல் பேஸ்ட்ட மாத்தறதுக்கு முன்னாடி பயாஸ்ல (ஆன் பண்ணதும் வர்ற செட்டிங்ஸ் திரை) போய் அடாப்டர் எத்தன வாட்னு காட்டுதா பாருங்க.

மூணாவது காப்பி 330. ஒரிஜினல் விலைல மூணுல ஒரு பங்குக்கு கெடச்சுதுனு நானும் ஒண்ணு வாங்கினேன். லேபிள்ல 19.5, 16.9 எல்லாம் அச்சா இருந்துச்சு, சிப்பையும் காப்பி அடிச்சிருக்காங்க போல, பயாஸ்ல 330னுதான் காட்டுச்சு. அங்கதான் ஆபத்து. லேப்டாப் அந்த எண்ண நம்பி இழுக்க ஆரம்பிச்சிருது, உள்ள அந்த அளவுக்கு சரக்கு இருக்கானு அதுக்குத் தெரியாது. அடிக் கவர கழட்டிட்டு டிசி ஜாக் (லேப்டாப்ல அடாப்டர் பிளக் மாட்டற இடம்) கால்ல மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன், சும்மா இருக்கும்போது 19.5, ஜிபியூவுக்கு ஃபர்மார்க், பிராசஸருக்கு பிரைம்95னு முழு லோடு குடுக்கற ரெண்டு சாஃப்ட்வேரையும் சேத்து ஓட்டுனா 18-க்கு இறங்குது. வோல்டேஜ் இறங்கினா லேப்டாப் கம்மியா இழுக்கும்னு நெனைக்காதீங்க, அதுக்குத் தேவையான வாட் அப்படியேதான் இருக்கும், அதனால ஆம்பியர் ஏறும்: 260 வாட்டுக்கு 19.5-ல 13.3 ஆம்பியர், 18-ல 14.4. ஆம்பியர் ஏற ஏற கேபிள் சூடாகி இன்னும் இறங்கும். இருபது நிமிஷத்துல பிளக்க தொட முடியல, அன்னைக்கே கழட்டி வச்சவன்தான், திரும்ப மாட்டல.

பிளக் சூட்டுக்கும் கணக்கு இருக்கு. பிளக்கும் ஜாக்கும் தொடற இடத்துல வெறும் 10 மில்லி ஓம் தடை இருந்தாலே 12.3 ஆம்பியருக்கு 1.5 வாட் சூடு, 16.9-க்கு 2.9 வாட். கரண்டோட ஸ்கொயர் கணக்குல ஏறுது, அந்த சின்ன இடத்துல மூணு வாட்னா ஜாக் பிளாஸ்டிக் இளகறதுக்கு போதும். பழைய ஜாக் லூசா ஆடுச்சுனா அடாப்டர் வாங்கறதுக்கு முன்னாடி ஜாக்க மாத்துங்க.

அதனால என் முடிவு, புது காப்பியவிட பழைய ஒரிஜினல் மேல். வேற மெஷின்லேந்து கழட்டி விக்கற 330 கெடைக்கும். கைல தூக்கிப் பாருங்க, ஒரிஜினல் ஒரு கிலோவ தாண்டும், காப்பி வெயிட் இல்லாம லேசா இருக்கும். இந்தியாவுல விக்கறதுல பிஐஎஸ் முத்திரையும் ஆர்-ல தொடங்கற பதிவு எண்ணும் இருக்கணும், அதையும் பாருங்க. முடிஞ்சா லேப்டாப்ப கூடவே கொண்டுபோய் அரை மணி நேரம் லோடு போட்டுப் பாத்துட்டு காசு குடுங்க. நான் அப்படி வாங்குனதுதான் இப்ப ஓடுது, ஃபுல் லோடுல ஜாக்ல 19.2-க்கு கீழ போகல.

ரெண்டு அடாப்டர சேத்து மாட்டறத பத்தியும் கேக்கறாங்க. 2019-ல வந்த ஏலியன்வேர் ஏரியா-51எம் ரெண்டு அடாப்டரோடதான் வந்துச்சு, ஆனா அதுல ரெண்டு ஜாக் இருக்கு, சுமைய பிரிக்கற சர்க்யூட்டும் போர்டுல இருக்கு. நம்ம எம்17எக்ஸ்-ல அது கிடையாது. ஒய் கேபிள் போட்டு ரெண்ட இணைச்சா எதோட வோல்டேஜ் கொஞ்சூண்டு அதிகமோ அதுவே பெரும்பாலான சுமையையும் தூக்கும், தயவுசெஞ்சு வீட்டுல செய்யாதீங்க. டைப்-சி பவர் டெலிவரி 3.1-ல 48 வோல்ட் 5 ஆம்பியர், 240 வாட் வரைக்கும் போகுதுங்கறது உண்மைதான், ஆனா 2012 மெஷின்ல அந்த போர்ட்டே இல்ல, மாத்தற கேபிள் போட்டாலும் 240-அ தாண்டாது.

கடைசியா யூபிஎஸ். 330-க்கு மாறினதும் நான் மறந்துபோன விஷயம் இது. வீட்டுல சாதாரணமா இருக்கற 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், லேப்டாப் 300, மானிட்டர் 40, ரவுட்டர் ஒரு பத்துனு 350 ஆகி எல்லைய ஒட்டி நிக்கும், அதோட பேட்டரி சார்ஜும் சேந்து தாண்டிட்டா கரண்ட் போன நொடில யூபிஎஸ்ஸும் சேந்து கத்திட்டு அணையும். மானிட்டர வேற பிளக்குக்கு மாத்திட்டேன், இப்ப கரண்ட் போனா கேம சேவ் பண்ண நேரம் கெடைக்குது.