கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்க ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

'ஒரே தடவை அடித்தால் போதும், ஆறு மாதம் உத்தரவாதம்' என்று சொல்லி வருபவர்களிடம் ஜாக்கிரதை. எங்களை ஏமாற்றிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வித்தை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

பணம் முழுவதையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். வந்த ஆள் பூச்சி எங்கே தென்படுகிறது, எந்த வகை என்று எதுவுமே கேட்கவில்லை. லேபிள் இல்லாத கேனிலிருந்து மருந்தை ஊற்றி, தரை, சுவரோரம் எல்லாம் அடித்துத் தள்ளினார். என்ன மருந்து என்றால், "மூலிகைதான், பயப்படாதீங்க" என்றார். மூலிகைக்கு அவர் ஏன் முகமூடி போட்டுக்கொண்டார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பூச்சிகள் ஓடி வந்து மல்லாந்தன. அவற்றைக் கூட்டிக் குவித்துக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

ஏமாற்றே அந்தக் குவியலில்தான் இருக்கிறது. ஸ்பிரேக்களில் அதிகம் பயன்படும் பைரித்திராய்டு மருந்துகள் நரம்பைத் தாக்கி, பதுங்கியிருக்கும் பூச்சியை வெளியே விரட்டும். பார்க்க அமர்க்களமாக இருக்கும். மருந்து சரியாகப் படாதவை இடம் மாறிப் பிழைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள்ளேயே பெருகுவது பெரும்பாலும் ஜெர்மன் கரப்பான்தான். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், வெளிர்பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கரும்பட்டைகள். பெண் பூச்சி 30 முதல் 40 முட்டைகள் கொண்ட கூட்டை வயிற்று நுனியில் சுமந்துகொண்டு இடுக்கிலேயே கிடக்கும். அந்தக் கூட்டுக்குள் ஸ்பிரே சரியாக இறங்காது. சில வாரங்களில் அலமாரி முழுக்கக் குஞ்சுகள். போன் செய்தால், "அது புது வரவு, உத்தரவாதத்தில் சேராது" என்று பதில். கூடவே வீட்டில் சுத்தம் போதாது என்று ஒரு உபதேசம்!

சண்டை போட்ட பிறகு மறுபடி வந்தார்கள். இந்த முறை தனிக் கட்டணத்தில் ஜெல். அதை வைத்த கையோடு அதன் மேலேயே ஸ்பிரேயும் அடித்தார்கள். ஜெல் என்பது ஃபிப்ரோனில் போன்ற விஷம் கலந்த தீனி. தின்ற பூச்சி உடனே சாகாமல் இடுக்குக்குத் திரும்பிச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்கிற குஞ்சுகளும் சாகும். ஸ்பிரே பட்டுவிட்டால் பூச்சி அதைத் தொடாமல் ஒதுங்கிவிடும், அப்புறம் ஜெல் வைத்தும் வீண்தான்.

கடைசியாக, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் பூச்சியை விரட்டும் என்று சொல்லி மீயொலிக் கருவி ஒன்றை விற்கப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட கருவிகளுக்கு ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் (FTC) 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

பிறகு வேறொருவர் வந்தார். முதலில் ஒட்டுப்பொறிகளை வைத்து, எங்கே அதிகம் விழுகின்றன என்று பார்த்தார். அலமாரிக் கீல், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க் அடி என்று அந்த இடங்களில் மட்டும் பொட்டுப் பொட்டாக ஜெல். ஒழுகும் குழாயைச் சரிசெய்யச் சொன்னார், அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொன்னார். மெதுவாகத்தான் குறைந்தது, ஆனால் குறைந்தது.

ஆகவே கூப்பிடும்போதே மருந்தின் பெயரைக் கேளுங்கள், லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். குஞ்சு பொரித்தால் திரும்ப வருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். ஒட்டுப்பொறியில் குஞ்சு விழுவது நிற்கும்வரை அதைக் கொடுக்காதீர்கள்.