75.9375 இ1 இணைப்புகள்: ஓர் அலகு மாற்றிச் செயலியைப் பற்றி

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரின் தொலைபேசி, தரவு இணைப்புகளைக் கவனிப்பது என் வேலை. எங்கள் வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள் என்பதால் அவர்கள் அனுப்பும் தாள்களில் டி1, டி3, ஓசி-3 என்றிருக்கும். இங்குள்ள சேவை நிறுவனங்கள் தரும் விலைப்பட்டியலில் இ1, எஸ்டிஎம்-1 என்றிருக்கும். இவையெல்லாம் குறிப்பிட்ட வேகம் கொண்ட தொலைத்தொடர்பு இணைப்பு வகைகளின் பெயர்கள்; சிறிய இணைப்புகள் பலவற்றைச் சேர்த்துப் பெரிய இணைப்பு ஒன்றில் அனுப்புவார்கள். இவ்விரண்டுக்கும் இடையே நாள்தோறும் கணக்குப் போட வேண்டியிருந்ததால், தரவு வேக அலகுகளை மாற்றித் தரும் இலவசச் செயலி ஒன்றை நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை இவ்வகைச் செயலிகள் பலவற்றுக்கும் இருக்கலாம்.

எண்களில் குற்றம் சொல்ல இடமில்லை. டி1 என்றால் நொடிக்கு 1.544 மெகாபிட், இ1 என்றால் 2.048, டி3 என்றால் 44.736, எஸ்டிஎம்-1 என்றால் 155.52 என எல்லாம் சரியாகவே உள்ளன. ஓசி-3 என்பதும் எஸ்டிஎம்-1 என்பதும் ஒரே வேகம் என்று தெளிவாகக் காட்டுகிறது. இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்குகிறது. அலுவலகத்தின் சர்வர் அறைக்குள் கைப்பேசிச் சிக்னல் எட்டிப்பார்க்காத எனக்கு இது பெரிய உதவி. விளம்பரங்கள் சற்று அதிகம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஓர் எஸ்டிஎம்-1 இணைப்பில் எத்தனை இ1 அடங்கும் என்று கேட்டால், இச்செயலி 155.52-ஐ 2.048-ஆல் வகுத்து 75.9375 என்று விடை தருகிறது. நானும் பின்னத்தைத் தள்ளிவிட்டு, ஓர் இ1-க்கு 30 பேச்சு வழிகள் (ஒரு வழியில் ஓர் அழைப்பு) வீதம் 75 இ1-க்கு 2,250 அழைப்புகள் என்று மதிப்பீட்டில் எழுதிவிட்டேன். தொலைத்தொடர்புத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு எங்களிடம் சேர்ந்த மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, அறுபத்து மூன்றுக்கு மேல் எங்கே வைப்பீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

அவர் சொன்னதே சரி. இ1 இணைப்புகளை எஸ்டிஎம்-1-க்குள் மூட்டையில் அரிசியைக் கொட்டுவதுபோல் நிரப்புவதில்லை. மூன்று இ1 ஒரு தொகுதி, அப்படிப்பட்ட ஏழு தொகுதிகள் ஒரு பெருந்தொகுதி, அத்தகைய மூன்று பெருந்தொகுதிகள் ஓர் எஸ்டிஎம்-1, ஆக 63. எஞ்சிய இடம் கண்காணிப்புக்கும், ஒவ்வோர் இணைப்பும் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறிப்புகளுக்கும், இட்டு நிரப்பலுக்கும் போய்விடுகிறது. என் 2,250 அழைப்புகள் 1,890 ஆகச் சுருங்கின. வேடிக்கை என்னவென்றால், இதைவிட வேகம் குறைந்த 139.264 மெகாபிட் பழைய முறை இணைப்பில் 64 இ1 அடங்கும். இதே வகுத்தல் முறையில் டி3-க்குள் ஏறத்தாழ 28.97 டி1 என்கிறது செயலி. உண்மையில் அடங்குவது 28. ஒரு டி1-க்குள் 64 கிலோபிட் பேச்சு வழிகள் 24.125 என்றும் சொல்கிறது. அந்த 0.125 என்பது பேச்சு வழியே அன்று, வழிகளின் ஒவ்வொரு சுற்றும் (சட்டகம்) எங்கே தொடங்குகிறது என்று அடையாளம் காட்டச் சேர்க்கப்படும் 8 கிலோபிட். இ1-க்கு 32 என்ற விடை முழு எண்ணாக வருவதால் மேலும் நம்ப வைக்கிறது. ஆனால் அவற்றுள் ஒன்று ஒத்திசைவுக்கும் மற்றொன்று வழக்கமாக அழைப்புக் குறிப்புகளுக்கும் ஒதுக்கப்படுவதால் பேசக் கிடைப்பவை 30.

இன்னொரு குறை, பைட்டுக்கு மாற்றும்போது 1024 என்ற கணக்கையே இயல்பாக வைத்திருப்பது. நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பு 1.25 மெகாபைட் என்று வர வேண்டிய இடத்தில் 1.19 என்று வந்ததைக் கண்டு, சேவை நிறுவனம் வேகத்தைக் குறைத்துத் தருகிறது என்று புகார்க் கடிதமே எழுதத் தொடங்கிவிட்டேன். தொலைத்தொடர்பு இணைப்புகளில் கிலோ என்றால் 1000, மெகா என்றால் பத்து இலட்சம். 1024 என்பது கணினி நினைவகத்தின் வழக்கு. அமைப்புகளில் நான்கு படி உள்ளே சென்றால் இதை மாற்றிக்கொள்ள முடிகிறது, அதை முதல் திரையிலேயே வைத்திருக்கலாம்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அலகு மாற்றத்துக்கு இன்றும் இதையே திறக்கிறேன். ஓர் இணைப்புக்குள் எத்தனை இணைப்பு என்ற கேள்விக்கு மட்டும், 28, 30, 63 என்று எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கும் துண்டுத்தாளைப் பார்த்துக்கொள்கிறேன்.