கிளை வாய்க்கால் யார் பொறுப்பு: துறையா, விவசாயிகள் சங்கமா?

அணை, பெரிய மதகு, தலைவாய்க்கால் ஆகியவற்றுக்குப் பணமும் பொறியியல் அறிவும் வேண்டும். அங்கே அரசுத் துறைதான் மேல். அதில் எனக்கு ஐயமில்லை.

வயலுக்குப் பிரியும் கிளை வாய்க்காலில் கதையே வேறு. நள்ளிரவில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் கரையில் நிற்பவர் விவசாயிதான், அதிகாரி அல்ல. முறை வைத்துப் பாய்ச்சுவது, தூர் வாருவது, மடையை உடைத்தவரைத் தட்டிக்கேட்பது எல்லாம் ஒரே வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்களுக்கே கைவரும். ஸ்பெயினின் வலென்சியாவில் விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் நீர் நீதிமன்றம் வியாழன்தோறும் கூடி, வாய்மொழியாகவே வழக்குகளைத் தீர்க்கிறது. 2009-இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. இலங்கையின் கல்லோயாப் பாசனத் திட்டத்திலும் 1980-களில் விவசாயிகள் குழுக்களாகத் திரண்டபின், கைவிட்டிருந்த முறைப்பாசனமும் வாய்க்கால் துப்புரவும் மீண்டன.

சங்கத்திலும் ஆபத்து உண்டு. தலைமடையில் அதிக நிலம் வைத்திருப்பவர்கள் பதவிகளைப் பிடித்துக்கொள்வார்கள். நிலம் தம் பெயரில் இல்லாத பெண்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் வாக்கே இல்லாமல் போகலாம். ஆகவே கடைமடைக்காரர்களுக்கு நிர்வாகத்தில் உறுதியான இடம் வேண்டும். பராமரிப்புச் சுமையை மட்டும் தள்ளிவிடாமல், தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு பங்கையும் மதகைத் திறக்கும் அதிகாரத்தையும் துறை சேர்த்தே கொடுக்க வேண்டும்.