வீ ஹெவி: ஒரே மேஜையில் மூன்று கருத்த ஏல்கள்

கருத்த, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) நிறைந்த ஸ்காட்டிஷ் ஏல் என்ற பீர் வகையை வாயில் வைத்ததுமே இனிப்பு தெரியும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வகையின் குணமே அதுதான். விழுங்கிய பிறகு அந்த இனிப்பு எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் என் கண். நாக்கில் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தால் இரண்டாவது மடக்குக்கு மனசு வராது. மெல்ல வறண்டு, லேசான கசப்போடு தொண்டையில் இறங்கிவிட்டால் குவளை தானாகக் காலியாகும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரே மாலையில் மூன்று பாட்டில்களை ருசி பார்த்தேன்: பெல்ஹேவன் வீ ஹெவி (ஆல்கஹால் 6.5%), ஆர்க்னியின் ஸ்கல் ஸ்ப்ளிட்டர் (8.5%), ட்ரக்வேர் ஹவுஸ் ஏல் (7.2%). மதிப்பெண் பத்துக்கு.

‘வீ’ என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் சின்னது. கனமான ஏலைக் குட்டி பாட்டிலில் அடைத்து விற்றதால் வந்த பெயர் ‘வீ ஹெவி’. எடின்பரோவுக்குக் கிழக்கே பிரெஸ்டன்பான்ஸில் இருந்த ஃபவுலர்ஸ் ஆலையின் சரக்கால் அது ஊரெங்கும் பரவியது. லேபிளில் 60, 70, 80, 90 என்று ஷில்லிங் (பழைய பிரிட்டிஷ் நாணயம்) கணக்கைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் பீப்பாய்க்கு இத்தனை ஷில்லிங் என்று விலை போட்டதன் மிச்சம் அது. வலு கூடக்கூட விலையும் கூடியது. 60 என்றால் இலேசு, 90 என்றால் வீ ஹெவி பக்கம்.

ஊற்றுவதற்கு முன் ஒரு விஷயம். இந்த வகையை முதல் தடவை வாங்கியபோது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிக் குடித்தேன். குளிர்ந்த சர்க்கரைத் தண்ணீரில் யாரோ சாராயம் கலந்த மாதிரி இருந்தது. பாதியை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்து குடித்தால், அதே குவளையில் உலர்திராட்சையும் கருகத் தொடங்கிய பாகும் மணத்தன. அன்றிலிருந்து 12, 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நான் இதைத் தொடுவதில்லை. அடியில் உருண்டு மேலே விரியும் ‘திசில்’ குவளை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒயின் குவளை தாராளமாகப் போதும்.

முதலில் பெல்ஹேவன். எடின்பரோவுக்குக் கிழக்கே கடற்கரை ஊரான டன்பாரில், 1719ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் ஆலை. 2005இல் கிரீன் கிங் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. நிறம் செம்பு கலந்த பழுப்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் சிவப்பு தெரிகிறது. பிஸ்கட், டாஃபி, கொஞ்சம் கொட்டைப் பருப்பு வாசனை. வாயில் இதமாக இருக்கிறது, ஆனால் நடுவில் சற்று மெலிந்துவிடுகிறது. கசப்பு வந்து இனிப்பைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறது, சுத்தமான முடிவு. வீ ஹெவி என்றால் என்ன என்று தெரியாதவருக்கு நான் கையில் கொடுக்கும் பாட்டில் இதுதான். ஆனால் குடித்து முடித்த பத்தாவது நிமிடம் அது நினைவில் நிற்கவில்லை. 7.

ஸ்கல் ஸ்ப்ளிட்டர் அப்படி மறக்க விடாது. ஸ்காட்லாந்தின் வடகோடிக்கும் அப்பால் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில், குவாய்லூ என்ற சின்ன ஊரில், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் 1988இல் தொடங்கிய ஆலை. ‘மண்டை பிளப்பவன்’ என்பது ஆர்க்னியை ஆண்ட வைக்கிங் பிரபு தோர்ஃபின் ஐனார்சனின் பட்டப்பெயர். 2008இல் இந்தப் பெயர் வன்முறையைத் தூண்டுவதாக ஒரு சர்ச்சை கிளம்பி, ஆலை விட்டுக்கொடுக்காமல் நின்று பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. பெயரைப் பார்த்துப் பயந்தவர்கள் ஒரு மடக்கு குடித்திருந்தால் போதும்: இதில் முரட்டுத்தனம் துளியும் கிடையாது.

மூன்றிலும் இதன் மணம்தான் என்னை அதிக நேரம் மூக்கை எடுக்க விடாமல் வைத்தது. பேரீச்சம்பழம், அத்தி, ஆரஞ்சுத் தோல், பின்னால் மெதுவாக ஏதோ மசாலா. குவளையைச் சுழற்றினால் கண்ணாடியில் எண்ணெய் போலக் கோடு விழுந்து இறங்குகிறது. 8.5% என்பது நெஞ்சில் கதகதப்பாக மட்டும் தெரிகிறது, நாக்கில் எரியவில்லை. ஆனால் என் அளவுகோலில் இது இடறுவது கடைசியில்தான். பழ இனிப்பு விழுங்கிய பிறகும் உதட்டோரம் தங்கிவிடுகிறது. பாதிக் குவளைக்கு மேல் வேகம் குறைந்துவிட்டது. நீல நரம்போடிய ஸ்டில்டன் சீஸ் ஒரு துண்டு கடித்தபின் அந்தக் குறை காணாமல் போனது. தனியாகக் குடித்தால் 8, சீஸோடு என்றால் அரை மதிப்பெண் கூட.

ட்ரக்வேர் வேறு மாதிரி. ஸ்காட்லாந்தின் தெற்கே, இன்னர்லெய்தன் பக்கத்தில் ட்ரக்வேர் மாளிகை. ஸ்காட்லாந்தில் இடைவிடாமல் மக்கள் வாழ்ந்துவரும் மிகப் பழைய வீடு என்ற பெயர் அதற்கு உண்டு. முன்வாசலில் கல்கரடிகள் காவல் நிற்கும் பெரிய கதவு. 1745இல் இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட் வந்துபோன பிறகு, இனி ஸ்டூவர்ட் மன்னர் ஒருவர் முடிசூடும்வரை திறக்க மாட்டோம் என்று அப்போதைய பிரபு சாத்தியதாகச் சொல்வார்கள். இன்றுவரை அது சாத்தியே கிடக்கிறது. அந்த வீட்டுக்குள் 18ஆம் நூற்றாண்டுத் தாமிரக் கொப்பரையும் ஓக் மரத் தொட்டிகளும் பயனில்லாமல் கிடந்தன. மாளிகையின் 20ஆம் லேர்ட் (உரிமையாளர்) பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் 1965இல் அவற்றை மறுபடி வேலைக்கு எடுத்தார். அவருக்குக் கைகொடுத்தவர் பெல்ஹேவனின் சேண்டி ஹன்டர். இன்று என் மேஜையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பாட்டில்களுக்குள் இப்படி ஒரு உறவு இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இப்போது ட்ரக்வேர் ஆலையை நடத்துபவர் பீட்டரின் மகள் கேத்தரின்.

ஏல் இன்னமும் ஓக் தொட்டிகளில்தான் நொதிக்கிறது. புது மரத்தின் வெனிலா வாசனையை எதிர்பார்க்காதீர்கள். அத்தனை பழைய மரத்தில் அது மிச்சமிருக்காது. நான் உணர்வது ஒரு மெல்லிய துவர்ப்பு. முதலில் கருப்பட்டிப் பாகு அடுப்பில் முறுகும் நேரத்து மணம், அப்புறம் உலர்திராட்சை, கொக்கோ. நாக்கின் நடுவில் இனிப்பு முழுசாக விரிகிறது. இவ்வளவு பெரிய இனிப்பு எப்படி முடியப்போகிறதோ என்று நினைக்கும்போதே அந்தத் துவர்ப்பு நாக்கின் இரண்டு பக்கமும் எழுந்து எல்லாவற்றையும் உலர்த்திவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது வறுத்த தானியத்தின் கசப்பும், ஈர மண் வாசமும். அடுத்த மடக்கைக் கை தானாகத் தேடுகிறது. 9. அந்த ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் நுரை. ஊற்றி இரண்டு நிமிடத்தில் ஓர வளையமாகச் சுருங்கிவிட்டது.

ஸ்காட்டிஷ் ஏல் என்றால் புகை மணக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். பீட் (சதுப்பு நிலக் கரிமண்) எரித்த புகை சில விஸ்கிகளின் அடையாளம். இந்த ஏல்களின் மரபில் அதற்கு இடமில்லை. அமெரிக்கச் சிற்றாலைகள் சில தங்கள் ‘ஸ்காட்ச் ஏல்’ வகைகளில் பீட் மால்ட் சேர்த்துப் பரப்பிய பழக்கம் அது. இந்த மூன்றிலும் அந்தப் புகையை நான் காணவில்லை. இல்லாததற்காக மதிப்பெண்ணும் குறைக்கவில்லை. இந்த ருசி மால்ட்டிலிருந்தும் சூட்டிலிருந்தும் வருகிறது. மால்ட் சாறு கொதிக்கும்போது சர்க்கரையும் புரதக்கூறுகளும் சேர்ந்து நிறமும் மணமும் கொள்கின்றன. குளிர்ச்சியாக நொதிக்கவிட்டால் ஈஸ்ட் தரும் பழவாசனை அடங்கி மால்ட் முன்னுக்கு வரும்.

ட்ரக்வேரிலேயே ஜேக்கபைட் ஏல் என்று இன்னொன்று உண்டு, 8%. ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையேற்ற 1745இல் எழுந்த ஜேக்கபைட் எழுச்சியின் 250ஆம் ஆண்டுக்காக 1995இல் காய்ச்சியது. கொத்தமல்லி விதை சேர்த்தது. அதனால்தான் இந்த வரிசையில் வைத்து மதிப்பெண் போடவில்லை. குடிக்கும்போது பக்கத்தில் நாலு தனியாவை விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்தேன். குவளையில் இருந்ததும் வறுக்காத தனியாவின் அதே எலுமிச்சை மணம்தான், ஆனால் கருத்த மால்ட்டுக்கு அடியிலிருந்து வருகிறது. இதை மட்டும் 14 டிகிரி வரை விட்டுக் குடியுங்கள். அதற்குக் கீழே அந்த மணம் வெளியே வருவதில்லை.