கல்யாண வீடியோவில் '120 ஃப்ரேம் ஸ்லோ மோஷன்' என்று காசு வாங்குகிறார்கள், கவனம்

கல்யாண வீடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். என் தங்கை கல்யாணத்தில் ஸ்லோ மோஷன் என்ற பெயரில் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். புகார் போயிருப்பதால் ஸ்டுடியோவின் பெயரைப் போடவில்லை.

முகூர்த்த நேரத்தை மட்டும் தனி கேமராவில் 120 ஃப்ரேமில், அதாவது விநாடிக்கு 120 படமாக எடுப்போம், ஹைலைட்ஸில் வழுவழுவென்று ஸ்லோ மோஷனாக வரும் என்றார்கள். அதற்கென்றே பேக்கேஜுக்கு மேல் 15,000 ரூபாய் வாங்கினார்கள்.

வந்த வீடியோவில் தாலி கட்டும் இடத்தைப் பாருங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். அரிசி மணி ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதந்து இறங்க வேண்டும். அதற்குத்தானே காசு? இங்கே மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கஞ்சி போல வழிகின்றன. முடிச்சுப் போடும்போது மாப்பிள்ளையின் விரல் ஒன்று மஞ்சள் கயிற்றுக்குள் கரைந்துபோய்த் திரும்ப முளைக்கிறது. ஷாட் மாறுகிற இடங்கள் இன்னும் மோசம். அப்பா கண்ணைத் துடைக்கும் கிளிப் முடிந்து அத்தை சிரிக்கும் கிளிப் தொடங்கும்போது, அப்பாவின் முகமே உருகி அத்தையின் முகமாகிறது. அதோடு டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டார் அம்மா.

நான் எடிட்டிங் வேலை செய்கிறவன். என்ன நடந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. 120 ஃப்ரேமில் எடுத்ததை 25 ஃப்ரேமில் ஓட்டினால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு மெதுவாகும். திரையில் வருகிற ஒவ்வொரு படமும் கேமரா நிஜமாகப் பிடித்த படம். 25-ல் எடுத்ததை அதே அளவு இழுத்தால் ஒரு விநாடிக்கு நிஜப் படம் 5 மட்டுமே. மீதி 20 படத்தையும் 'ஆப்டிகல் ஃப்ளோ' என்கிற வசதி ஊகித்து வரைகிறது. பிரீமியர், டாவின்சி, ஃபைனல் கட் என்று எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. அளவாகப் பயன்படுத்தினால் நல்ல வசதிதான். பின்னணி எளிமையாக இருந்து ஒருவர் மெதுவாக நடந்து வரும் ஷாட்டை இரண்டு மடங்கு இழுத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் சின்னச் சின்னப் பொருள்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கும்போது எந்த மணி எங்கே போனது என்று அதனால் கண்டுபிடிக்க முடியாது. அட்சதை அதற்கு ஆகவே ஆகாது.

முகம் கரைந்ததற்குக் காரணம் வேறு. இரண்டு கேமரா கிளிப்புகளை முதலில் ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஃபைலை மொத்தமாக ஸ்லோ செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வெட்டு எங்கே இருக்கிறது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. இந்த முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் நடுவே ஒரு படத்தை வரைந்து வைக்கும். முறை என்னவென்றால், ஒவ்வொரு கிளிப்பையும் தனித்தனியாக ஸ்லோ செய்துவிட்டு அப்புறம்தான் சேர்க்க வேண்டும். நிஜமாகவே 120-ல் எடுத்திருந்தாலும், 25 ஃப்ரேமில் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்த பிறகு ஸ்லோ செய்தால் கூடுதலாகப் பிடித்த படமெல்லாம் ஏற்கெனவே போயிருக்கும்.

ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன். "எல்லா இடத்திலயும் இப்படித்தான் தம்பி பண்றாங்க, ஃபேமிலி ஆளுங்களுக்கு இது தெரியாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது அந்தப் பதிலில்தான். ரா ஃபைல்களை, அதாவது கேமராவில் பதிவான அசல் ஃபைல்களை வாங்கி, ஃபைலின் ஃப்ரேம் கணக்கைக் காட்டும் மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் 25. அந்தத் தனி கேமரா 120-க்கு மாற்றப்படவே இல்லை.

ஏன் மாற்றுவதில்லை என்பதும் தெரிந்த கதைதான். 120-ல் எடுக்க ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, 1/240 விநாடி அளவில் வைக்க வேண்டும். வழக்கமான 1/50-ல் கிடைக்கிற வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கேமராவுக்குள் வரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து விளக்குகள் சில அந்த வேகத்தில் மினுக்கும். நல்ல லைட் கொண்டு வர வேண்டும், முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த மெனக்கெடலுக்குத்தான் நாம் தனியாகக் காசு கொடுக்கிறோம்.

கொட்டேஷனில் 'ஸ்லோ மோஷன்' என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தெந்தச் சடங்கு, எத்தனை ஃப்ரேம், ரா ஃபைல் தருவார்களா என்று எழுதி வாங்குங்கள். மாதிரி வீடியோ காட்டினால் பூ, அட்சதை விழும் இடத்தைக் கேளுங்கள். விஎல்சி பிளேயரில் கீபோர்டின் ஆங்கில 'E' எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும்; விரல் நுனியும் நகை ஓரமும் நெளிந்தால் அது இழுத்த வீடியோ. இன்னொன்று, சில கேமராக்கள் 100, 120-ல் பிடித்து அதையே 25 ஃப்ரேம் ஃபைலாக எழுதும். அதனால் ஃபைலில் 25 என்று இருப்பதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். ஓட்டிப் பாருங்கள். எங்கள் ரா ஃபைல்களில் எல்லாமே சாதாரண வேகத்தில், சத்தத்தோடு ஓடியது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். அதுவரை ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அவர்கள் கொடுத்த பென்டிரைவ் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.