நொய்யலுக்கு எது பொருந்தும்: லிட்டருக்கு அபராதமா, முழுத் தடையா?

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் சாயப் பட்டறைகள் விடும் கழிவைக் கட்டுப்படுத்தப் பொருளியல் சொல்லும் இரண்டு முக்கிய வழிகளையும் அந்த ஊர் பார்த்துவிட்டது. அதனால் ஒப்பிட வெளியூர் உதாரணம் எதுவும் தேவையில்லை.

முதலாவது, விலை வைப்பது. பட்டறை விடும் கழிவால் ஆற்றின் கீழ்ப்பகுதித் தோட்டத்துக்காரருக்கு வரும் நஷ்டம், பட்டறையின் கணக்கில் ஏறுவதில்லை. அதை வரியாக ஏற்றினால் பட்டறைக்காரர் தானாகவே கழிவைக் குறைப்பார் என்பது 1920-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் பிகு எழுதியதன் சாரம். 2006 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட அபராதமும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். 2007 ஜனவரியில் லிட்டருக்கு 6 பைசா, அடுத்த இரண்டு மாதம் 8 பைசா, அப்புறம் 10 பைசா.

ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு 6 பைசா வீதம் 6,000 ரூபாய் வரும். கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ.வும் மிச்சத்தை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் ஓட்ட அதைவிட அதிகம் ஆகும் என்றால், அபராதத்தைக் கட்டிவிட்டுத் தண்ணீரை விடுவதே லாபம். இந்த வழியிலும் நல்ல அம்சம் உண்டு. குறைந்த செலவில் கழிவைக் குறைக்கத் தெரிந்தவர் முதலில் குறைப்பார்; எந்த இயந்திரம் வாங்குவது என்று அரசு சொல்ல வேண்டியதில்லை. வற்றாத ஆறும் விரைவில் மக்கிப்போகும் கழிவும் என்றால் நானும் இதையே தேர்ந்தெடுப்பேன்.

நொய்யல் அப்படிப்பட்ட ஆறு இல்லை. வெள்ளியங்கிரியில் மழை பெய்தால்தான் அதில் ஓட்டம். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். சாயத்தின் நிறத்தை நீக்கினாலும் உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும், மக்காது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுதான் தேங்கியது. தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. உப்பு கிணறுகளில் இறங்கியது, தென்னை பட்டுப்போனது. கழிவு கூடக் கூடச் சேதம் செங்குத்தாக ஏறும் இடத்தில், விலை வைப்பதைவிடக் கழிவின் அளவைக் கட்டுப்படுத்துவதே நல்லது என்று 1974-இல் பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் காட்டினார். அபராதத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுவிட்டால் அந்தத் தவறை அடுத்த ஆண்டு திருத்தலாம். உப்பேறிய கிணற்றை அப்படித் திருத்த முடியாது.

ஆகவே நான் இரண்டாவது வழியான முழுத் தடையின் பக்கம், அதாவது ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதி. தண்ணீரின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து மறுபடியும் சாயம் போடலாம், உப்புக் கரைசலையும்கூட. ஆனால் இதற்கான செலவு கடுமையானது. 2011 ஜனவரியில் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது கூலி இழந்தவர்கள் ஏராளம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தர வேண்டியிருந்தது. திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டைகளின் பிரச்சினையும் கூடவே வந்தது.

இழப்பீடு தனி விஷயம். கெட்டுப்போன நிலத்துக்கு அது கட்டாயம் கிடைக்க வேண்டும். ஆனால் அது நடந்ததற்கான கணக்கு. இனி வரும் கழிவை நிறுத்தாது.

தடை வெற்றி பெறுவது கண்காணிப்பில்தான். இரவில், மழை நாளில் யாரும் பார்க்காமல் திறந்துவிடுபவருக்குச் செலவே இல்லை. ஒழுங்காகச் சுத்திகரிப்பவர்தான் சந்தையில் விலை குறைக்க முடியாமல் தோற்கிறார். ஒவ்வொரு பட்டறையும் எடுத்த தண்ணீர், நிலையத்துக்கு அனுப்பிய கழிவு இரண்டின் மீட்டர் அளவுகளையும் ஆயக்கட்டு விவசாயிகள் தினமும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்தச் சுத்திகரிப்புச் செலவைப் பனியன் வாங்கும் நிறுவனங்களும் தங்கள் கொள்முதல் விலையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.